பட்டாளத்தார் அமுக்கிய பொத்தான்

என் மேசையின் கடைசி இழுப்பறையில் ஒரு பழைய பொத்தான் கிடக்கிறது. சட்டைப் பொத்தான் இல்லை. கைக்குள் அடங்குகிற கறுப்புப் பிடி, அதன் தலையில் சிவப்பாக ஒரு குமிழ், வாலில் இரண்டு முழ நீளத்துக்கு ஒயர். காது பரிசோதனைக்கு வருகிறவர் கையில் இதைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொல்வோம். அவர் அறைக்குள் அமுக்கினால் வெளியே என் இயந்திரத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். இப்போது எல்லாம் கணினிக்கு மாறிவிட்டது. பழைய இயந்திரத்தை எடைக்குப் போட்ட அன்று ஒயரை நானே வெட்டி, இதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். சிவப்புக் குமிழின் ஓரம் தேய்ந்து வெளுத்திருக்கிறது. எத்தனையோ பேருடைய கட்டைவிரல் பட்டுத் தேய்ந்ததுதான். ஆனால் இழுப்பறையைத் திறக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரே ஒருவருடைய கட்டைவிரல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

போடியில் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிற காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் காது பரிசோதிப்பது என் வேலை. சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வேலையில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. சலுகைக்காகவோ இடமாற்றத்துக்காகவோ காது கேட்காதென்று நடிக்க வருகிறவர்களைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிடுவேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "உங்க வேட்டி அவுந்திருக்குங்க" என்று முணுமுணுப்பேன். செவிடராக வந்த மனிதர் சட்டென்று இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். அதோடு கதை முடிந்தது. அப்படி எத்தனையோ பேரை வெட்கப்படுத்தி அனுப்பியிருக்கிறேன். ஆனால் காதே கேட்காமல் எல்லாம் கேட்கிற மாதிரி என் இயந்திரத்தையே நம்பவைத்தவர் ஒருவர்தான். அதையும் அவர் தெரிந்து செய்யவில்லை.

நாங்கள் அவரைப் பட்டாளத்தார் என்போம். ஊர் சிலமலை. பீரங்கிப் படையில் இருந்து திரும்பியவர். திரும்பிய பிறகு போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார். நான் அவரை முதலில் பார்த்தபோது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. நேராக நடந்து வந்தார். வலது கை மட்டும் உடம்போடு ஒட்டியே இருந்தது. நெஞ்சு உயரத்துக்கு மேல் அது எழாது. மேட்டில் பீரங்கியை ஏற்றும்போது கயிறு நழுவியிருக்கிறது. உருண்டு வந்த சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப்போய்த் தோள் மூட்டு கழன்றிருக்கிறது. பக்கத்தில் நின்றவரே இழுத்துப் பொருத்திவிட, இவரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பட்டாளத்து மருத்துவப் புத்தகத்தில் யாரும் அதை எழுதவில்லை. பணி முடிந்து வீடு திரும்பும்போது நடந்த மருத்துவச் சோதனையிலும், ரயிலைத் தவறவிடக் கூடாதென்று, ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

வருடங்கள் கழித்து, தோளுக்கும் காதுக்கும் சேர்த்து, பணியில் ஏற்பட்ட ஊனம் என்று மனுப் போட்டார். வெளியூர் ராணுவ மருத்துவமனை ஒன்றில் மருத்துவக் குழு அவரைச் சோதித்துவிட்டு இரண்டையும் தள்ளிவிட்டது. தோள், பணிக்குப் பிறகு மலையில் மூட்டை தூக்கியதால் கெட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். காதுக்கு எழுதியிருந்தது ஒரே வரிதான். இரண்டு காதும் நன்றாகக் கேட்கின்றன. மேல்முறையீடு செய்ய இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. அதோடு இணைக்கத்தான் புதிய பரிசோதனைத் தாள் கேட்டு, மனைவியோடு எங்களிடம் வந்திருந்தார்.

அந்த அக்கா உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். "ஊருக்குள்ள தல காட்ட முடியல தாயி. எந்தம்பியே டீக்கடையில நின்னுக்கிட்டுச் சொல்றான், மாமா கவர்மெண்ட்ட ஏமாத்தப் பாத்து மாட்டிக்கிட்டாருன்னு. பொய்க் கேசு போட்ட ஆளுன்னு பேராகிப்போச்சு." பட்டாளத்தார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளத உள்ளபடி எழுதிக் குடுங்க தங்கச்சி. அது போதும்" என்றார். உள்ளதை உள்ளபடி எழுதத்தானே போகிறேன் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்ததுமே அவர் யாரென்று நான் முடிவு கட்டிவிட்டிருந்தேன்.

எங்கள் சோதனை அறை ஒரு பீரோவைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் கண்ணாடி ஜன்னல். உள்ளே அவர், வெளியே நான், இருவரும் எதிரெதிரே. சோதனைக்கு வருகிறவரைப் பக்கவாட்டில் உட்கார வைக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இடம் இல்லாததால் நாற்காலியை நேராகப் போட்டிருந்தேன். போட்டது நான்தான். அவருக்கு ஹெட்போனை மாட்டி, பொத்தானைக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து சோதனையைத் தொடங்கினேன். விளக்கு எரிந்தது. சத்தத்தைக் குறைத்தேன். எரிந்தது. இன்னும் குறைத்தேன். பச்சைப் பிள்ளையின் காதுக்கும் எட்டாத அளவுக்குக் கொண்டுபோனேன். அப்போதும் ஒரு விநாடி பிந்தாமல் எரிந்தது.

கதவைத் திறந்து ஹெட்போனை வெடுக்கென்று கழற்றினேன். "ஏண்ணே, எனக்கே இவ்வளவு துல்லியமாக் கேக்காது. எதுக்கு இந்த வேல? எங்க நேரத்தையும் கெடுத்துக்கிட்டு?" என்று கேட்டேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பட்டாளத்தாருக்குக் கோபம் வரவில்லை. "அமுக்கச் சொன்னீக, அமுக்குனேன். தப்பா அமுக்கிட்டனா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கள்ளம் இல்லை என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எங்கள் டாக்டர் எதையும் இரண்டு தடவை சோதிக்கச் சொல்வார் என்பதால்தான் ஹெட்போனைத் திரும்ப மாட்டிவிட்டு, வேண்டாவெறுப்பாக மறுபடி உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. கடைக்காரர் தம்ளரை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் சத்தம் எதுவும் அனுப்பாமல் தம்ளரை எடுக்கக் கை நீட்டினேன். விளக்கு எரிந்தது. கையை அப்படியே நிறுத்தினேன். அணைந்தது. மறுபடி நீட்டினேன். மறுபடி எரிந்தது. என் மேசை கொஞ்சம் உயரம், நான் குள்ளம். இயந்திரத்தின் விசையை அமுக்கும்போதெல்லாம் என் வலது தோள் ஒரு நூல் மேலே ஏறி இறங்கும். எனக்கே தெரியாத அந்த அசைவைத்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

உள்ளே போய் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். திரும்பி வந்து சத்தத்தை அனுப்பினேன். கனமான, தாழ்ந்த சத்தங்களுக்கு விளக்கு கொஞ்சம் தயங்கி எரிந்தது. கீச்சென்ற சத்தங்களுக்குப் போகப் போக எரிவது நின்றுபோனது. கூட்டினேன், இன்னும் கூட்டினேன், வெளியே இருக்கிற எனக்கே கசிந்து கேட்கிற அளவுக்குக் கூட்டினேன். விளக்கு எரியவில்லை. தாளில் நான் வரைந்த கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், பிறகு கிடுகிடுவென்று கீழே இறங்கியது. வெடிச் சத்தத்தில் வருடக்கணக்காக நின்ற காது அப்படித்தான் கோடு போடும். மலையேறும் ஜீப்பு உறுமுவது அவருக்குக் கேட்கும். இடி கேட்கும். குருவி கேட்காது, கொலுசு கேட்காது, குக்கர் விசில் கேட்காது. பெண் குரல் என்றால், யாரோ எங்கோ முனகுகிற மாதிரி இருக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுவரைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்து, குமிழ் மேல் கட்டைவிரலை வைத்தபடி, வராத உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அவரை என் பக்கம் திருப்பி உட்கார வைத்து, எப்படி அமுக்கினீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது இப்போதும் அப்படியே காதில் இருக்கிறது. "பீரங்கிக்கிட்ட நிக்கிறவனுக்கு வாய்ச்சத்தம் எங்கிட்டுக் கேக்கும் தங்கச்சி? ஆபீசர் கையத் தூக்குவாரு. கை எறங்குனா ஃபயர். கண்ணச் சிமிட்டக்கூடாது. நீங்க தோளக் காட்டுனீக, நான் அமுக்குனேன். அந்த மிலிட்டரி ஆசுபத்திரியில ஒரு சார் உக்காந்திருந்தாரு. அவரு புருவத்தத் தூக்குவாரு. சத்தம் வரும் வரும்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். வரல. சரி, டெஸ்ட்டே இப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

உத்தரவு வந்தால் செய்து முடிப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒழுங்கு. அந்த ஒழுங்கே அவரைப் பொய்யராக்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் வாயைப் பார்த்து அதையும் படித்துவிட்டு, கையை ஆட்டி வேண்டாம் என்றார். அக்காதான் ஆடிப்போய் நின்றார். "பின்னால இருந்து கூப்புட்டாத் திரும்ப மாட்டாரு. பட்டாளத் திமிருன்னுல்ல நெனச்சேன் தாயி. அடுப்படியில நின்னு, சாப்புட வாங்க, சாப்புட வாங்கன்னு இத்தன வருசமாச் செவுத்துக்கிட்டயா கத்திக்கிட்டு இருந்திருக்கேன்?" என்றார். பிறகு, வீட்டில் படுக்கும்போது விளக்கை அணைக்க அவர் விடவே மாட்டார் என்பதையும் சொன்னார். போர் பயம் என்று அக்கா நினைத்திருக்கிறார். இருட்டில் மனைவியின் வாய் தெரியாது என்பதுதான் காரணம்.

காது மந்தம் என்று அவர் சொல்லாமல் இல்லை. யாரும் நம்பவில்லை. எவ்வளவு போயிருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. "கேக்காதது கேக்கலன்னு நமக்கு எப்படித் தெரியும் தங்கச்சி?" என்றார்.

இப்படி ஒரு மனிதர் எப்படி நாற்பது பெண்களை வைத்து வேலை வாங்குகிறார் என்று பார்த்தே தீர வேண்டும் போல இருந்தது. விடுமுறை நாள் ஒன்றில் அக்காவோடு காலை ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறினேன். ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிப் படர்கிற சரத்தில் காய்க்கும். அதனால் காய் எடுக்கிற பெண்கள் எல்லோரும் குனிந்து, ஆள் உயரச் செடிகளுக்குள் மறைந்துபோய்விடுவார்கள். பட்டாளத்தார் ஒரு பாறை மேல் நின்றார். எந்த இலை ஆடுகிறது, எது நின்றுவிட்டது என்று பார்த்தே யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொன்னார். தோட்டத்துப் பெண்கள் அவருக்குப் பாம்புக் காது என்றார்கள். "அங்கிட்டு மூலையில நின்னு அவரப் பத்திப் பேசுனாக்கூடத் தெரிஞ்சுபோகுதுக்கா" என்று ஒருத்தி என்னிடமே குறைப்பட்டாள். ஒற்றையடிப் பாதையில் எப்போதும் கடைசி ஆளாகத்தான் வருவார். ஜீப்பிலும் பின் மூலைதான் அவர் இடம். தன் முதுகுக்குப் பின்னால் யாரையும் விடுவதில்லை.

அவர் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது சரிவின் கோடியில் ஒரு பெண் வீலென்று கத்தினாள். எனக்குக் கேட்டது. "அண்ணே" என்று வாயைத் திறப்பதற்குள் அவர் பாறையிலிருந்து குதித்து ஓடிக்கொண்டிருந்தார். செடித் தூரில் பச்சை விரியன். நீண்ட கம்பை இடது கையால் வாங்கி, அதை நெம்பி ஓடைப் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "உங்க கண்ணு எந்தோளத் தாண்டிப் போச்சுல்ல" என்றார், அதில் என்ன இருக்கிறது என்பதுபோல. நான் கேட்டுப் புரிந்துகொண்டு, பயந்து, வாயைத் திறப்பதற்குள் அவர் என் கண்ணைப் பார்த்தே பாதித் தூரம் போயிருந்தார். இரண்டு காதும் ஒழுங்காக இருக்கிற நான் அந்தப் பாறை மேலேயே நின்றிருந்தேன்.

மேல்முறையீடு போனது. சில மாதம் கழித்து மறுபடி மருத்துவக் குழு முன்னால் வரச் சொன்னார்கள். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அங்கேயும் ஒரு கண்ணாடி இருக்கும், அதற்குப் பின்னால் ஒரு புருவம் இருக்கும். பார்த்தால் அமுக்காமல் இருக்க அவரால் முடியாது. அது அவர் கையில் இல்லை, கட்டைவிரலிலேயே ஊறிவிட்டது. இந்த முறையும் நன்றாகக் கேட்கிறது என்று எழுதிவிட்டால், சாகும் வரைக்கும் அவர் பொய்க் கேசு போட்ட ஆள்தான். ஒரே வழி, கண்ணை மூடிக்கொள்வது. சொல்வதற்கு எவ்வளவு சுலபம்!

வாரம் ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்து என் அறையில் பழகினார். முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "மூடுனா ஆளே இல்லாத எடத்துக்குப் போயிர்றேன் தங்கச்சி" என்றார். குண்டுகளுக்கு நடுவே நின்ற மனிதர் ஒரு பீரோவுக்குள் உட்கார்ந்து நடுங்குவதை நான் பார்த்தேன். நம்மில் யாருக்காவது கண்ணை மூடினால் உலகம் பூராவும் இல்லாமல் போகுமா? அவருக்குப் போனது. இரண்டாவது வாரம் அக்கா என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அவரோடு உள்ளே போய், நாற்காலிக்குப் பின்னால் நின்று, அந்தக் கழன்ற தோள் மேல் கையை வைத்தார். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். அவர் கண்ணை மூடினார். ஐந்து நிமிடம் திறக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் விளக்கு எரிந்தது, கேட்காததற்கு எரியவில்லை. எரியாத விளக்கைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

மருத்துவக் குழு முன்னால் அக்காவை உள்ளே விடவில்லை. அவர் பொத்தானை வலது கையில் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, இடது கையைக் குறுக்கே கொண்டுபோய்த் தன் வலது தோள் மேல் தானே வைத்துக்கொண்டாராம். வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். "இல்ல சார், வீட்டுல வச்ச கை" என்று சொன்னாராம். அவர்களுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. கண்ணை மூடினார். கடைசி வரைக்கும் திறக்கவில்லை.

கடிதம் வந்தது. காது கேளாமை பணியினால் ஏற்பட்டது என்று எழுதியிருந்தார்கள். தோளை இந்த முறையும் தள்ளிவிட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னொரு மனுப் போடலாம் என்று குதித்தேன். பட்டாளத்தார் சிரித்தார். "தோளு கெடக்குது தங்கச்சி. இந்தா தொங்குது, எல்லாரும் பாக்குறாக. அத வச்சு எவனும் என்னயப் பொய்யன்னு சொல்லல. காதுதான் யாரு கண்ணுக்கும் தெரியாது. அதுக்குத்தான் காயிதம் வேணும்." அந்தக் காகிதத்தை டீக்கடையில் வைத்து மச்சினனிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். மச்சினன் ஒவ்வொரு வார்த்தையாக வாசிக்க, இவர் எதிரே உட்கார்ந்து அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பிறகு காதுக் கருவி வந்தது. சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க அவரை அதே நாற்காலியில் உட்கார வைத்தேன். அதற்குள் கண்ணாடிக்குப் பச்சைத் துணியில் ஒரு திரை தைத்து மாட்டியிருந்தேன். அவரோ திரை இருந்தும் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமான சத்தங்கள் எதையும் நான் அனுப்பவில்லை. அறைக்குள் இருப்பவரிடம் பேசுகிற மைக்கை அக்காவிடம் நகர்த்தி, "ஏதாவது பேசுங்கக்கா" என்றேன். அவர் திகைத்துப்போனார். "என்னத்தப் பேச?" என்று என்னைப் பார்த்தார். மைக்கின் பக்கம் குனிந்தார். பிறகு, சுவரிடம் கத்துகிற குரலில் இல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற சின்னக் குரலில், "சாப்புட வாங்க" என்றார்.

இப்போது புதிதாக வந்திருக்கும் டாக்டர், கணினி வந்த பிறகு அந்தத் திரை எதற்கு, கழற்றிவிடலாமே என்கிறார். கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பட்டாளத்தார் இன்னும் மலையில்தான் இருக்கிறார். இப்போது வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறார் என்று அக்கா சொன்னார். நான் எப்போதாவது இழுப்பறையைத் திறந்து, இந்தப் பொத்தானை எடுத்து அமுக்கிப் பார்ப்பேன். ஒயர் அறுந்தது, எதுவும் எரியாது. அன்று எரிந்தது. அக்கா சொல்லி முடித்ததும் என் மேசையில் விளக்கு எரிந்தது. ஒருமுறை அமுக்கிவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எடுக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.